தொழிற்சாலை மாநிலமான பினாங்கில் தோட்டத் தொழிலாளர்களுக்கு என்று ஒரு நாள் தேவையா?

கேள்வி இதுதான்: மலேசியாவில் பினாங்கு மாநிலம் என்றாலே தொழிற்சாலையும் சுற்றுலாவும்தான், இங்கே விவசாயத்துக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் மாநில அளவில் ஒரு நாள் ஒதுக்கி மரியாதை செய்வது பொருந்துமா?

பொருந்தும். ஆனால் நாள் குறிப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் வீடு இருக்கிறது. அங்கே வருவதற்குள் கொஞ்சம் பழங்கதை பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் வந்தது 1972இல். நானும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் இந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய சரக்கு என்ன? மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், பிறகு சீனி, அப்புறம் ரப்பர். மாநிலக் கொடியைப் பாருங்கள், நடுவில் நிற்பது பாக்கு மரம்.

நம் ஆட்கள் மலாயாவுக்கு ரப்பர் வெட்டத்தான் வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே கரும்பு. 1800இல் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையை ஆங்கிலேயர் கெடாவிடமிருந்து வாங்கினார்கள். பத்து காவான் பக்கம் முதலில் கரும்பு போட்டவர்கள் தியோச்சூ சீனர்கள். 1840களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் பெரிய அளவில் இறங்கியதும், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த ஒப்பந்த முறையை 1910இல்தான் நிறுத்தினார்கள். அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்துகொண்டிருந்தது. ஆள் கொண்டுவரும் வேலையைக் கங்காணிகள் பார்த்துக்கொண்டார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு தோட்டத்தை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இங்கேயே தங்கிவிட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

2008இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. நல்ல விஷயம். கடை வீடுகளையும் சங்க மாளிகைகளையும் சாயம் பூசிக் காப்பாற்றுகிறார்கள். சரக்கை விற்ற இடத்துக்குக் கிடைத்த அந்தக் கவனத்தில், சரக்கு விளைந்த இடத்துக்குக் கால்வாசிகூட இல்லை. நிபோங் தெபால் பக்கம் கலிடோனியா தோட்டத்தில் துரைமார் குடும்பத்தின் 99 கதவு மாளிகை இருக்கிறது. பேய் வீடு என்று கைப்பேசியோடு கிளம்பி வருகிறார்கள். அந்தத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எந்தப் பக்கம் இருந்தது என்று அவர்களில் ஒருவராவது கேட்டு நான் பார்த்ததில்லை. பேய்க்குக் கிடைக்கும் மவுசு விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போன மனுஷனுக்கு இல்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். நான் செபராங் பிறை தெற்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்த பிறகு குலை வெட்டினார். அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பு, முகத்தில் துண்டு. வெயிலில் அந்தத் துண்டும் கழன்றுவிடும். புல்லுக்கு அடித்த மருந்துகளில் பாராகுவாட் ஒன்று. அது விரல் நகங்களைக்கூடப் பாழாக்கும். அம்மாவின் நகங்களைப் பார்த்தாலே தெரியும். அரசாங்கம் 2002இல் அதற்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். அப்போது அம்மா வேலையை விட்டே பல வருஷம் ஆகியிருந்தது. எங்களை வளர்த்த காசு அந்த பம்பிலிருந்து வந்ததுதான். அதனால் யாராவது மேடையில் ஏறி தோட்டத் தொழிலாளர்களின் 'தியாகம்' என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். அம்மா யாரிடமும் தியாகம் பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. பாதுகாப்பான மருந்தும் கையுறையும்தான் கேட்டார்.

லயத்து வீடு வேலையோடு வருகிற வீடு. வேலை போனால் அதுவும் போகும். முப்பது வருஷம் வாசலில் முருங்கை நட்டு, மாரியம்மன் கோயிலுக்கு மாதா மாதம் வரி கொடுத்து வாழ்ந்தவர்கள், தோட்டம் கைமாறினால் சாமானைக் கட்ட வேண்டும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. கையில் இருந்தது அப்பாவின் இபிஎஃப் பணம், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பு. தோட்டக் கூலியில் பிடித்த தொகை எவ்வளவு சேரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். தொழிலாளர் வீட்டுக்குத் தண்ணீர், மின்சாரம், பரப்பளவு பற்றியெல்லாம் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது குடியிருக்கிற வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு. ஓய்வு பெற்ற பிறகு எங்கே போவது என்பதற்கு அதில் பதில் இல்லை. பத்து காவானில் செம்பனை நின்ற நிலத்தில் இன்றைக்குத் தொழிற்பேட்டையும் ஐகியாவும் இருக்கின்றன, 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் இறங்குகிறது. தோட்ட நிலத்தை வீட்டு மனையாக மாற்ற அனுமதி கொடுப்பது மாநில அரசு. நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் வரும் விஷயம். அனுமதி கொடுக்கும்போதே, அங்கே வேலை செய்த குடும்பங்களுக்கு அதே இடத்தில், வாங்கக்கூடிய விலையில் வீடு என்று கண்டிப்பான நிபந்தனை போடட்டும். நான் கேட்கிற மரியாதை அதுதான்.

நாள் வைப்பதாக இருந்தால் அது நம் ஆட்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. பெனாகாவில் மூடா ஆற்றுத் தண்ணீரில் நெல் போடும் மலாய்க்காரர்கள், பாலிக் பூலாவ் டுரியான் தோட்டக்காரர்கள், தெலுக் பஹாங் மீனவர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி. இன்றைக்குக் குலை வெட்டுகிற இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் கட்டாயம் வேண்டும். கோவிட் காலத்தில் எல்லை மூடிக் கிடந்தபோது ஆள் இல்லாமல் நாடு முழுக்கச் செம்பனைப் பழம் மரத்திலேயே அழுகியது. அப்போதுதான் அவர்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களுக்கே ஞாபகம் வந்தது. நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்து பட்டதையே அவர்கள் விமானத்தில் வந்து படுகிறார்கள். முகவருக்குக் கட்டிய கடனை அடைக்கவே பாதிக் காலம் போய்விடுகிறது. ஆகக் குறைந்த சம்பளம் 2013இல் 900 ரிங்கிட்டில் தொடங்கி 2025 பிப்ரவரியில் 1,700 ஆகியிருப்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பது ஓர் ஆறுதல்.

விழாவை எங்கே வைப்பது என்று கேட்டால், ஜார்ஜ் டவுனில் மாநில அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தார் கோபுரத்தில் வேண்டாம், நிபோங் தெபாலில் வையுங்கள். காலையில் வைக்காதீர்கள், வெட்டு இருக்கும். நாலு மணிக்கு மேல் என்றால் குளித்துவிட்டு வருவார்கள்.