தைராய்டுக் கட்டிகளில் மைட்டோகாண்ட்ரிய மரபணுக்கள்: கேள்வி பதில்

முதுகலை மாணவர்: ஐயா, ஆன்கோசைட்டிக் வகைத் தைராய்டுக் கட்டிகளில், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்களில் நிறைந்திருக்கும் கட்டிகளில், மைட்டோகாண்ட்ரிய ஆர்.என்.ஏ. மிகுந்திருக்கிறது. அச்செல்கள் அதிக ஆற்றலை உற்பத்தி செய்கின்றன எனக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் 16,569 காரஇணைகளும் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) 37 மரபணுக்களும் உள்ளன. அவற்றுள் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. அந்த 13இல் ஏழு, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் புரதத் தொடரான சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பான காம்ப்ளெக்ஸ் 1ஐச் சேர்ந்தவை. இக்கட்டிகளில் பெரும்பாலும் பழுதுபடுவது அந்த ஏழில் ஏதேனும் ஒன்றுதான். ஒரேயொரு காரம் கூடினாலோ குறைந்தாலோ புரதம் பாதியிலேயே முறிந்துவிடும். ஆனால் இந்த டி.என்.ஏ. நீண்ட ஒரே ஆர்.என்.ஏ. இழையாக எழுதப்பட்டு அதன் பின்னரே துண்டு துண்டாக வெட்டப்படுவதால், பழுதுபட்ட மரபணுவின் ஆர்.என்.ஏ.வும் மற்றவற்றோடு சேர்ந்து உருவாகிக்கொண்டே இருக்கும். சுவாசம் குன்றியதை ஈடுசெய்யவே செல் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்குகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நுண்ணோக்கியில் இச்செல்கள் இளஞ்சிவப்புக் குறுமணிகள் நிறைந்து தெரிவதற்கும் அந்தப் பெருக்கமே காரணம். ஆகவே ஆர்.என்.ஏ. அளவைச் செயல்திறனின் அளவாக வாசிக்காதீர்கள். ஆக்சிஜன் நுகர்வையோ காம்ப்ளெக்ஸ் 1 புரதத்தையோ நேரடியாக அளந்து பாருங்கள்.

தரவுப் பகுப்பாய்வாளர்: ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே அளந்த ஒற்றைச் செல் தரவில், மைட்டோகாண்ட்ரிய ஆர்.என்.ஏ. மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டும் செல்களை நீக்கிவிடுகிறேன். அது சரிதானா?

பதில்: இக்கட்டிகளைப் பொறுத்தவரை அது ஆபத்தான வழக்கம். சாகும் செல்லின் சவ்வு கிழிந்து சைட்டோபிளாச ஆர்.என்.ஏ. கசிந்துவிட, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பது மட்டும் எஞ்சுவதால் அதன் பங்கு உயர்கிறது. இந்த வடிகட்டல் அதை எண்ணியே வகுக்கப்பட்டது. ஆன்கோசைட்டிக் செல்லிலோ உயிரோடிருக்கும்போதே அந்தப் பங்கு மிக உயர்ந்திருக்கக்கூடும். தாங்கள் நீக்குபவை ஆய்வுக்கு எடுத்த புற்றுச் செல்களாகவே இருக்கலாம், எஞ்சுபவை நிணச்செல்களாகவும் நாளச் செல்களாகவும் இருக்கலாம். எனவே ஒவ்வொரு மாதிரியிலும் அந்தப் பங்கின் பரவலைத் தனித்தனியே வரைந்து, கண்டறியப்பட்ட மரபணுக்களின் எண்ணிக்கையையும், தைராய்டுச் செல்களுக்கே உரிய புரதமான தைரோகுளோபுலினின் வெளிப்பாட்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே வரம்பை முடிவு செய்யுங்கள்.

ஆய்வாளர்: ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. எத்தனை படிகள் (நகல்கள்) உள்ளன என்பதையும் அளக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். அதை அளக்காவிட்டால், படிகள் பெருகியதால் ஆர்.என்.ஏ. கூடியதா, ஒவ்வொரு படியும் கூடுதலாக எழுதப்படுகிறதா என்று பிரித்தறிய வழியில்லை.

நோயாளி ஒருவரின் மகள்: அம்மாவின் அறிக்கையில் ஆன்கோசைட்டிக் புற்று என்று எழுதியிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது என்பதால் எனக்கும் வருமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: தங்கள் அச்சம் இயல்பானதே, அம்மா. ஆயினும் இந்த மாற்றங்கள் பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே, வாழ்நாளின் இடையில் தோன்றுபவை. கருமுட்டை வழியே வந்தவை அல்ல. தைராய்டுப் புற்று குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் தனியே சொல்லுங்கள். பழைய அறிக்கைகளில் ஹர்த்தில் செல் புற்று என்றிருப்பதும் இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் பெயர் மாறியது. இவ்வகை கதிரியக்க அயோடினைப் பல சமயம் குறைவாகவே உறிஞ்சும். ஆகையால் அந்தச் சிகிச்சை தாயாருக்குப் பயன்படுமா, தொடர் கண்காணிப்புக்கு எந்த ஸ்கேன் பொருந்தும் என்பதையும் அடுத்த சந்திப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.