அடி காயட்டும், தம்பி

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் தேவகோட்டை, வேலை பெங்களூரில். மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். மனசு நிதானப்படும் என்றுதான் சேர்ந்தேன். ஆனால் சக்கரத்தில் மண் லேசாக ஆடினாலே எரிச்சல் வருகிறது, பக்கத்தில் இருப்பவர் கிண்ணத்தை முடித்துவிட்டாரா என்று கண் போகிறது. போன வாரம் செய்த நாலும் சரிந்துவிட்டன. மண்ணைத் தொட்டால் மனசு அடங்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஏன் அடங்கவில்லை?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் எழுதியது பாதி உண்மை. மீதியையும் அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கும் முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்துப் பாருங்கள், இந்த வேலையிலேயே வேகமான கட்டம் அதுதான். பிசைந்த மண்ணை வகுப்பில் கையில் கொடுத்துவிடுகிறார்கள், செய்ததைச் சுட்டு எடுப்பதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் இருக்கிற பத்து நிமிஷம் மட்டும் உங்களுக்கு. மெதுவான வேலை எல்லாம் வேறு யார் கைக்கோ போய்விட்டது, அப்புறம் நிதானம் எங்கிருந்து வரும்?

நான் கற்றுக்கொண்டது மானாமதுரைப் பக்கம், பானை வனையும் ஒரு வேளாரிடம். காரைக்குடியில் ரயில் ஏறி சிவகங்கை தாண்டிப் போய் இறங்குவேன். கடத்துக்குப் பேர்போன ஊர், கடம் செய்ததற்காகச் சங்கீத நாடக அகாதமி விருது வாங்கிய மீனாட்சி கேசவன் அந்த ஊர்க்காரர்தான். அங்கே போனதும் சக்கரத்தைத் தொடலாம் என்று நினைத்தேன். வேளார் கண்மாய் மண்ணைக் காட்டி, கல் பொறுக்கச் சொன்னார். ஊறவைத்து, காலால் மிதித்து, மறுபடி விரலால் தடவித் தடவிப் பொறுக்கவேண்டும். ஒரு சுண்ணாம்புக்கல் துணுக்கு தப்பிப் போனாலும் போச்சு. அது சூளையில் வெந்து, பிறகு காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி உப்பி, பல நாள் கழித்து நல்ல பானையின் மேலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். அப்படி ஒரு பானையை அவர் என் கையில் கொடுத்தார். சில்லு போன பள்ளத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதைப் பார்த்தபிறகு எனக்கு அவசரமாகப் பொறுக்க வரவில்லை.

நம் ஊர்ப் பானை சக்கரத்தில் முழுசாக முடிவதும் இல்லை. கழுத்தும் தோளும் அங்கே வரும், அடி திறந்தே இருக்கும். நூலால் அறுத்து எடுத்து நிழலில் வைத்து, பாதி காய்ந்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடவேண்டும். ஈரம் கூடினால் தொங்கும், குறைந்தால் விரிசல் விடும். எப்போது தட்டலாம் என்று கேட்டால் வேளார் பானையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். என்னையும் வைக்கச் சொல்வார். எனக்கு ஒன்றும் தெரியாது. மழை வந்தால் இன்னும் நாளாகும், ஆடிக்காற்று அடித்தால் காற்றுப்பட்ட பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து கீறல் விடும், ஈரச் சாக்கைப் போட்டுப் போட்டு எடுக்கவேண்டும்.

ஒருமுறை, ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் என்பதால், "காஞ்சிருச்சு அண்ணே" என்று சொல்லி என் பானையைச் சூளையில் வைத்துவிட்டேன். "அடி காயட்டும், தம்பி" என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை. உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால்தான் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள், பெரும்பாலும் காரணம் ஈரம்தான். தடித்த அடியில் தங்கியிருந்த தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் பானையைப் பிளந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அவருடைய பானைகள் இரண்டும் உடைந்தன. அவர் திட்டவில்லை. உடைந்த அடியை எடுத்து, எவ்வளவு கனம் விட்டிருக்கிறேன் என்று விரலால் அளந்து காட்டினார். ரயிலில் வரும்போது முகத்தைத் தூக்க முடியவில்லை எனக்கு.

நம் பக்கத்துப் புரவி எடுப்பை, அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுத்துப்போகும் திருவிழாவை, பார்த்திருப்பீர்கள். ஊரார் வேளார் கையில் பிடிமண் கொடுத்த பிறகுதான் அய்யனார் குதிரை வேலை தொடங்கும். நாலு காலையும் முதலில் நிறுத்தி, அவை இறுகி எடை தாங்கும் என்று தெரிந்த பிறகே மேலே வயிறு ஏறும், அதுவும் இறுகினால்தான் கழுத்து. அந்தக் காத்திருப்பைக் குறைக்க யாராலும் முடியாது, திருவிழாத் தேதி நெருங்கினாலும்.

அதனால் சரிந்த நாலு கிண்ணத்தை விடுங்கள். வகுப்பில் பச்சை மண்ணாகக் கேட்டு வாங்கி, நீங்களே ஊறவைத்துப் பிசைந்து, ஒரே ஒரு கிண்ணம் செய்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவையுங்கள். தினமும் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

ஊருக்கு வந்தால் மானாமதுரைக்கு நானே கூட்டிப்போகிறேன். பொங்கலுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். மார்கழிப் பனியில் மண் சீக்கிரம் காயாது, பானை வியாபாரமும் அப்போதுதான், உங்களோடு உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. தை பாதியில் வாருங்கள், லீவு மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொண்டு.