டிவிக்கு வெளி ஸ்பீக்கர்: கேளுங்கள், சொல்கிறேன்

பத்தாயிரம் ரூபாய்க்குள் டிவியின் சத்தத்தைச் சரிசெய்ய நினைப்பவர்கள் கேட்கலாம். டிவியின் மாடல் எண், பின்பக்கம் என்னென்ன போர்ட், அறையின் நீள அகலம் மூன்றையும் எழுதுங்கள். "எது பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

செந்தில், ஈரோடு: 43 இன்ச் டிவி, 12-க்கு 14 அடி ஹால். பாட்டு வந்தால் வீடே அதிருது, வசனம் மட்டும் காதில் விழ மாட்டேங்குது. ரிமோட்டும் கையுமாவே உட்கார வேண்டியிருக்கு. சவுண்ட்பார் வாங்கலாமா சார்?

முதலில் செலவில்லாத வேலையைப் பாருங்கள். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனிச் சேனல்) வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். டிவி அதை இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது இசையும் அடிதடியும் மேலே ஏறி, பேச்சு அமுங்குகிறது. படம் பார்க்கும் ஆப்பின் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் 'சரவுண்ட்' என்று எது இருந்தாலும் அணையுங்கள். 'கிளியர் வாய்ஸ்' போல ஏதாவது இருந்தால் போடுங்கள்.

அப்படியும் போதவில்லை என்றால்தான் ஸ்பீக்கர். ஒல்லி டிவியில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலோ பார்த்திருக்கும். சத்தம் சுவரில் பட்டுத்தான் உங்களிடம் வருகிறது. உங்கள் ஹாலுக்கு என் தேர்வு, ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். சப்வூஃபர் இல்லாத இந்த ஜோடிக்கு 2.0 என்று பெயர். 4 இன்ச் கோன், பக்கத்துக்கு 20 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் அளவு) இருந்தால் தாராளம். எடிஃபையர் R1280T அந்த ரகம். ஆனால் அதில் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ மட்டும்தான். ஆப்டிகல் (சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் டிஜிட்டல் வயர்) வேண்டுமென்றால் அதே வரிசையில் 'DB' என்று முடியும் மாடல். ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கு இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து சோபா வரை உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஷோகேஸ் பொந்துக்குள் திணித்தால் எந்த ஸ்பீக்கரும் மூக்கடைத்துத்தான் பேசும்.

இடமில்லை, வயர் தெரியக்கூடாது என்று வீட்டில் சொன்னால் சவுண்ட்பார் வாங்குங்கள். டிவி யூனிட்டின் முன் விளிம்பில் வையுங்கள், டிவியின் ரிமோட் சென்சாரை மறைக்காமல்.

நூர்ஜஹான், கடலூர்: ஆப்டிகல் வயர் போட்டு, ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் சின்ன டப்பா வழியா பழைய ஆம்ப்ல கொடுத்திருக்கோம். யூடியூப் பாடுது. சினிமா போட்டா கரகரன்னு சத்தம், இல்லைன்னா ஒண்ணுமே இல்லை.

அந்த டப்பாவுக்கு பிசிஎம் (சுருக்காத சாதா டிஜிட்டல் ஒலி) மட்டும்தான் புரியும். டிவி 'ஆட்டோ'வில் இருந்தால் டால்பி (சுருக்கி அடைத்த ஒலி) உள்ள படத்துக்கு டால்பியையே அனுப்பும். டப்பா அதைச் சத்தமாக்கத் தெரியாமல் கரகரக்கும் அல்லது மௌனமாகும். செட்டிங்ஸ், சவுண்ட், டிஜிட்டல் அவுட்புட், பிசிஎம். அவ்வளவுதான். வயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள். டிவி பக்கம் செருகிய நிலையில் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும்.

தயாபரன், வவுனியா: அண்ணா, எங்கட டிவியில ஆப்டிகல் இல்லை. ஹெட்போன் துளை மட்டும்தான் இருக்கு. அதில ஸ்பீக்கர் குடுக்கலாமோ?

தாராளமாகக் கொடுக்கலாம். 3.5 மிமீ முனையிலிருந்து இரண்டு ஆர்சிஏ பிரியும் வயர் போதும். டிவியின் வால்யூமை முக்கால் அளவுக்கு மேல் வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் கூட்டிக் குறையுங்கள். மாற்றிச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

பிரபு, ஓசூர்: 10,000 வாட் பிஎம்பிஓ என்று போட்ட ஹோம் தியேட்டர் ஆஃபரில் இருக்கு...

விடுங்கள். பிஎம்பிஓ என்ற எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது, அட்டைப்பெட்டியில் எதையும் அச்சடிக்கலாம். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 24 வாட். அதற்கு மேல் அந்தப் பெட்டியால் தொடர்ந்து கொடுக்கவே முடியாது.

ஜெயந்தி, தஞ்சாவூர்: ஸ்பீக்கர் போட்ட நாளிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். டிவி சத்தத்தை முழுசா குறைச்சாலும் நிற்கலை. எலெக்ட்ரீசியன் மூணு பின் பிளக்ல எர்த் பின்னை வெட்டச் சொல்றார்.

வெட்டவே கூடாது. அந்தப் பின் உயிரைக் காக்க இருப்பது.

இது பெரும்பாலும் கிரவுண்ட் லூப். ஆம்ப் வீட்டு எர்த்தில் இருக்கும். டிவி, கேபிள்காரர் வயரின் மேல் உறை வழியாக வேறொரு எர்த்தைத் தொட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசத்தால் உங்கள் ஆடியோ வயரின் உறை வழியே மின்சாரம் ஓடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதே சுருதியில் பாடுகிறது. சோதனை எளிது. ஸ்பீக்கர் ஓடும்போதே செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் ஆம்ப் பக்கம் ஆர்சிஏவை உருவிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் கோளாறு ஆம்புக்குள், அநேகமாக ஃபில்டர் கெபாசிட்டர்.

கேபிள்தான் காரணம் என்றால் இரண்டு வழி. ஆப்டிகலுக்கு மாறுங்கள், அதில் போவது வெளிச்சம் மட்டும், மின் தொடர்பே இல்லை. ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் டப்பாவுக்கு மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பியில் எடுக்காதீர்கள், மறுபடி அதே வளையம் உருவாகும். தனி போன் சார்ஜர் போடுங்கள். ஆப்டிகல் இல்லையென்றால் ஆடியோ வயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும்.

விக்னேஷ், கோவை: ப்ளூடூத் ஸ்பீக்கர் போட்டால் வாய் அசைந்த பிறகு சத்தம் வருது. டிவியில் ஏவி சிங்க் மாற்றியும் சரியாகலை.

அந்த செட்டிங் பொதுவாகச் சத்தத்தை இன்னும் தாமதப்படுத்தத்தான் உதவும், முன்னுக்குக் கொண்டுவராது. ப்ளூடூத்தில் தாமதம் பிறவிக்குணம். வயர் போடுங்கள்.

ஆரோக்கியராஜ், நாகர்கோவில்: பழைய ஸ்டீரியோ செட்டின் ஸ்பீக்கர் இரண்டு, 8 ஓம், சும்மா கிடக்கு. டிபிஏ3116 ஆம்ப் போர்டு போட்டு டிவிக்குப் பயன்படுத்தலாமா?

நல்ல யோசனை. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6-லிருந்து 7 காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நலம். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டால் உதிர்கிறதா என்றும் பாருங்கள். 12 வோல்ட் கொடுத்தால் பக்கத்துக்கு 9 வாட் அளவில் வரும், படுக்கையறைக்குப் போதும். 24 வோல்ட் 3 ஆம்பியர் கொடுத்தால் 30 வாட் பக்கம் போகும். அந்த ஐசியின் உச்சவரம்பு 26 வோல்ட், 24-ஐத் தாண்டாதீர்கள்.

முக்கியம்: இந்த போர்டில் இரண்டு மைனஸையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது, எர்த்திலும் தொடக்கூடாது. மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அதிலும் சிக்னல் ஓடுகிறது; சேர்த்தால் அவுட்புட் மோதும். பிளஸ் எது என்று தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒன்று மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. வயர் 1 சதுர மிமீ காப்பர். 5 மீட்டருக்குப் போக வர 0.2 ஓம்கூட வராது. 'ஆக்சிஜன் இல்லாத காப்பர்' என்று விலை ஏற்றுவார்கள், வேண்டாம்.

ரமேஷ், வேலூர்: ஆப்டிகல் போட்டால் சத்தமே வரலை...

பிசிஎம். மேலே நூர்ஜஹானுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாஸ்கர், திருச்சி: சும்மா 2.0, 2.0-ன்னு சொல்றீங்க. நம்ம படத்துக்கு அது உப்புச்சப்பில்லாம இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல 5.1 அசெம்பிள் செட் இதே காசுக்கு வாங்கலாம். என்னோடதுல பின்னாடி ஸ்பீக்கரும் பாடுது.

பின்னால் பாடுவதில் சந்தேகமில்லை. என்ன பாடுகிறது என்பதுதான் கேள்வி. டிவியிலிருந்து எந்த வயர் போகிறது?

பாஸ்கர்: சிவப்பு வெள்ளை.

அப்படியானால் உள்ளே போவது இரண்டு சேனல். இரண்டையும் கூட்டி நடு ஸ்பீக்கருக்கு, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோ அப்படியே நகலெடுத்தோ பின்பக்கத்துக்கு, தாழ்ந்த ஒலியை வடிகட்டி சப்வூஃபருக்கு. ஆறு பெட்டி, இரண்டு சேனல்.

பாஸ்கர்: டால்பி லைட் எரியுது சார்!

மணிமாறன், ஆவடி: லைட் எரியறதுக்கு ஒரு எல்இடி போதும் பாஸ். 🙂

பாஸ்கர்: நீங்க வந்து கேட்டுட்டு பேசுங்க. கிளைமாக்ஸ்ல ஜன்னல் அதிரும்.

ஜன்னல் அதிர்வது சப்வூஃபரின் புண்ணியம், 5.1-இன் புண்ணியம் அல்ல. நல்ல 2.0-வோடு ஒரு சப் சேர்த்து, 80 ஹெர்ட்ஸ் பக்கம் தாழ்ந்த ஒலியை அதற்குப் பிரித்துக் கொடுத்தாலும் அதிரும். அசெம்பிள் செட்டை நான் பழிக்கவில்லை. ஆப்டிகலோ ஏஆர்சியோ (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்) வாங்கி ஆறு சேனலாகப் பிரிக்கும் டிகோடர் போர்டு உள்ளே இருந்தால் அது அசல் 5.1-தான். கடையிலேயே சோதியுங்கள்: டால்பியில் உள்ள 5.1 சேனல் டெஸ்ட் கிளிப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய் டிவியில் ஓட்டுங்கள், அவுட்புட்டை இந்த ஒரு தடவை பிசிஎம்மிலிருந்து ஆட்டோவுக்கு மாற்றுங்கள். 'பின் இடது' என்று குரல் வரும்போது அந்த ஒரு பெட்டி மட்டும் பேச வேண்டும். முன்னாலும் கேட்டால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

பாஸ்கர்: சரி, அந்த போர்டு தனியா வாங்கி என் செட்ல போட முடியுமா?

ஆம்பில் ஆறு சேனலுக்கும் தனித்தனி இன்புட் இருந்தால் முடியும். பின்பக்கம் ஆறு ஆர்சிஏ ஓட்டை இருக்கிறதா, எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் உள்ளே கைவைக்க வேண்டும்; அது மெக்கானிக் வேலை.

லதா, சேலம்: நீங்க ரெண்டு பேரும் முடிச்சாச்சுன்னா என் கேள்வி. ஏஆர்சி போர்ட்ல மாட்டியும் சவுண்ட்பார் வேலை செய்யலை.

ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பல வீட்டில் அதுதான் கதை. சவுண்ட்பாரிலும் ஏஆர்சி என்று எழுதிய பக்கம்தான் செருக வேண்டும். டிவியில் சிஇசியை (எச்டிஎம்ஐ வழியே ஒரே ரிமோட்டில் இரண்டையும் கட்டுப்படுத்தும் வசதி) இயக்குங்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர். இரண்டையும் பிளக்கிலிருந்து உருவி இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். ரிமோட்டிலேயே வால்யூம் கட்டுப்படும். ஆப்டிகலில் பல டிவிகளில் அந்த வசதி கிடையாது.

கணேஷ், கரூர்: 5,000-க்குள் எது பெஸ்ட்?

முதல் பத்தி.

சுந்தர், தேனி: டிவி திரையில் கோடு விழுது, சரி பண்ண முடியுமா?

அது பேனல். சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள்.

இம்ரான், ஆம்பூர்: ஆப்டிகல் போட்டேன், பிசிஎம்மும் மாத்திட்டேன். இன்னும் சத்தம் இல்லை.

பிசிஎம் மாற்றிவிட்டுக் கேட்ட முதல் ஆள் நீங்கள், நன்றி. சவுண்ட் அவுட்புட் இன்னும் 'டிவி ஸ்பீக்கர்' என்றே இருக்கும், அதை 'ஆப்டிகல்' ஆக்குங்கள். அப்படியும் இல்லையென்றால், ஆப்டிகலை ஆர்சிஏ ஆக்கும் டப்பா போட்டிருந்தால் அதில் எல்இடி எரிகிறதா பாருங்கள். 5 வோல்ட் மின்சாரம் கொடுக்காமல் அது ஓடாது.