கிங்கோ கொட்டை ஏன் முளைக்கல?

கேள்வி: டோக்கியோ பக்கத்துல சைத்தாமால இருக்கோம். போன நவம்பர்ல பார்க்ல விழுந்து கிடந்த கிங்கோ மரத்துப் பழத்தை என் 6 வயசு பொண்ணு ஆசையா பொறுக்கிட்டு வந்தா. கொட்டைய கழுவி ஜன்னலோரம் நாலு மாசம் காய வச்சு மார்ச்ல நட்டோம், ஜூன் முடிஞ்சும் ஒண்ணுகூட முளைக்கல. இந்த வருஷமும் பொறுக்கணும்னு நிக்கிறா, என்ன பண்றது?

பதில்: காய வச்சீங்க பாருங்க, அங்கதான் போச்சு சகோதரி. அவரை, வெண்டை விதையெல்லாம் வெயில்ல காய வச்சே நமக்குப் பழக்கம், ஆனா கிங்கோவுக்கு உள்ள ஈரம் போனா உயிரும் போயிடும். பழம் விழும்போது உள்ள இருக்கிற கருவும் முழுசா வளர்ந்திருக்காது, விழுந்த அப்புறம்தான் மெதுவா வளரும்.

இந்த தடவை ரெண்டு பேரும் கிளவுஸ் போட்டுக்கோங்க, அந்த சதை பட்டா சிலருக்கு தோல் கொப்பளிச்சுடும், நாத்தம் வேற, ஊசிப்போன வெண்ணெய்ல வர்ற அதே பியூட்ரிக் ஆசிட்தான். பால்கனில பக்கெட் தண்ணில ஊற வச்சு பிசைஞ்சு கழுவி, மிதக்கிறத தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை ஈர மணலோட ஜிப் கவர்ல போடுங்க. மணலைப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. ஒரு மாசம் வீட்டுக்குள்ள, அப்புறம் ரெண்டு மாசம் ஃப்ரிட்ஜ்ல காய்கறி வைக்கிற தட்டுல.

மார்ச்ல ஆழமான தொட்டில கொட்டைய படுக்க வச்சு 2, 3 சென்டிமீட்டர் மண் மூடினா போதும். ஆணிவேர்தான் முதல்ல கீழ இறங்கும், மேல ஒண்ணுமே தெரியாது, தோண்டிப் பாக்காதீங்க. நான் ஒரு தடவை பொறுமையில்லாம தோண்டி அந்த வெள்ளை வேரை ஒடிச்சுட்டேன், இன்னும் மனசு ஆறல. ஒரு நாள் காலைல பாத்தா குட்டி விசிறி மாதிரி இலை விரிஞ்சிருக்கும், நடுவுல ஒரு வெட்டோட.

குளிர்ல இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியா நிக்கும், பிடுங்கிடாதீங்க, பாவம்னு ஹீட்டர் போட்ட ரூமுக்கும் கொண்டு வராதீங்க, அதுக்கு அந்தக் குளிர் வேணும். ஹிரோஷிமால 1945ல குண்டு விழுந்த இடத்துக்கு 1 கிலோமீட்டர் சொச்சத்துலயே இருந்த ஹோசென்போ கோயில் கிங்கோ திரும்பத் துளிர்த்து இன்னைக்கும் நிக்குது, உங்க குச்சியும் துளிர்க்கும். அது ஆண் மரமா பெண் மரமான்னு தெரிய மட்டும் 20 வருஷத்துக்கு மேல ஆகும்.

இன்னொண்ணு, கின்னான்னு கடைல விக்கிறாங்களேன்னு கொட்டைய வறுத்து பொண்ணுக்கு குடுத்துடாதீங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு அதுல வலிப்பு வரலாம், வறுத்தாலும் அந்த விஷம் போகாது.