நர்ஸுக்கு எதற்கு ஃப்ளூ ஊசி?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டே ஆக வேண்டும் என்று சர்குலர் வந்திருக்கிறது. போன வருடம் போட்டேன், இரண்டே நாளில் சளி, காய்ச்சல். எனக்கு வயது 29, எந்த நோயும் இல்லை. டாக்டர்களிலேயே பலர் போட்டுக்கொள்வதில்லை. எங்களை மட்டும் ஏன் வற்புறுத்துகிறார்கள்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சிஸ்டர், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். முதலில் அந்தக் காய்ச்சல்.

கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் ஃப்ளூ வராது. கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம். சளியும் பிடித்ததென்றால் வேறு கிருமியாக இருக்கலாம், அல்லது ஊசிக்கு முன்பே ஃப்ளூ தொற்றியிருக்கலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். அப்போதும் அது முழுப் பாதுகாப்பு இல்லை. ஊசியும் ஊரில் பரவும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், டாக்டரிடம் போகவைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். இதை வெளிப்படையாகச் சொல்லாமல் "போட்டால் வராது" என்று சொன்னதால்தான் பலருக்கு நம்பிக்கை போயிற்று.

29 வயதில் உங்களுக்கு ஆபத்து குறைவுதான், சரி. ஆனால் ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த இடத்தில்) ஊசி குத்தக் குனியும்போது உங்கள் முகம் நோயாளிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாலு மணி நேரம் அவர் அங்கேயே படுத்திருக்கிறார். பலருக்குச் சர்க்கரையும் இருக்கும். அவருக்கே ஊசி போட்டாலும், சிறுநீரகம் பழுதான உடம்பில் எதிர்ப்புச் சக்தி உங்கள் அளவுக்கு உருவாகாது. சுற்றி இருப்பவர்கள்தான் அவருக்கு அரண். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும் என்பதால், "வந்தால் லீவு போடுகிறேன்" என்பதும் போதாது. அதுவும் நம் ஊரில் யார் லீவு போடுகிறார்கள்? சம்பளம் பிடிப்பார்களே என்று ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு நைட் டியூட்டிக்கு வந்து நிற்பவர்களே அதிகம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005-இல் இந்த ஊசியை ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியது. நர்ஸ்கள் சங்கம் எதிர்த்துப் போராடி, தன் உறுப்பினர்களுக்கு விலக்கு வாங்கியது. போடாதவர்கள் ஃப்ளூ காலத்தில் மாஸ்க் அணிய வேண்டியிருந்தது. ஆனாலும் 97 சதவீதத்துக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். கட்டாயப்படுத்தினால் எண்ணிக்கை ஏறும். ஆனால் சர்குலரை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிர்வாகத்தை என்னால் ஆதரிக்க முடியாது. ஊசி இலவசமாக, நைட் ஷிஃப்டுக்கும் சேர்த்து, வார்டுக்கே வர வேண்டும். காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு வேண்டும். பெரிய டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றை இன்சார்ஜ் மூலம் எழுத்தில் கேளுங்கள். டாக்டர்கள் போடாதது தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கு உங்கள் நோயாளி விலை கொடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஃப்ளூ கூடும். அதனால் செப்டம்பருக்குள், வார லீவுக்கு முந்தின நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு ஃப்ளூ ஊசியால் மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமையோ, நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைத் தளரவைக்கும் கீலன் பாரே நோயோ வந்திருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பமாக இருக்கும் தோழிகளிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்த ஊசி இன்னும் அவசியம்.