சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் சங்கம் சேர்ந்தால் வேலை போய்விடுமா?

நேரடியாக நீக்க மாட்டார்கள். இடமாற்றம் செய்வார்கள். நீங்கள் பில் போடுகிறவராகவோ சரக்கு அடுக்குகிறவராகவோ இருப்பீர்கள். யாரோ கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள்.

2018-இல் பெரம்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் கடையில் பில் போட்டேன். பத்து மணி நேரமும் நின்றபடியே வேலை. கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், கூடினால் கடைக்கு. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, வியாசர்பாடியிலிருந்து சுற்றி வந்தால், பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் போகும். என் பள்ளி நாட்களிலும் அங்கே தண்ணீர் நின்றது. தென்சென்னையாக இருந்தால் இத்தனை ஆண்டு விட்டுவைத்திருப்பார்களா?

தீபாவளி வாரத்தில் விடுப்பெல்லாம் ரத்து என்றார்கள். முக்காலியும் விடுப்பும் கேட்டுப் பதினோரு பேர் மனுவில் கையெழுத்திட்டு, ஒரு மணி நேரம் கடைக்கு வெளியே நின்றோம். மேலாளர் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசினார். "கல்யாணம் ஆக வேண்டிய பெண், உனக்கு எதற்கம்மா இது?" என்றார். மறுவாரம் முதலில் கையெழுத்திட்ட நான்கு பேருக்கு இடமாற்றம். எனக்குச் செங்கல்பட்டு. இரவு பத்தரைக்குக் கடை மூடினால் நான் எப்போது வீடு சேர்வது? இரண்டு வாரம் போய்வந்தேன். பிறகு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கணக்கில் அது ராஜினாமா.

எல்லாக் கடைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. "சங்கத்தால்தானே பின்னி மில்லே மூடியது?" என்று உடனே கேட்பார்கள். என் தாத்தா அங்கே நெய்தவர். அந்தத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது 1918-இல். மில் மூடியது 1996-இல். நடுவே எழுபத்தெட்டு ஆண்டு ஓடியதே! கனடாவில் ஜோன்கியேர் என்ற ஊரில் வால்மார்ட் ஊழியர்கள் 2004-இல் சங்கம் அமைத்தார்கள். 2005-இல் நிறுவனம் கடையையே மூடியது. 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே கடையை மூடியது யார்?

மனு எழுதினால் கையெழுத்துகளை வட்டமாகப் போடுங்கள், யார் முதலில் என்று தெரியக் கூடாது. ஏழு பேருக்குக் குறையாமல் சேருங்கள். சங்கத்தைப் பதிவு செய்ய அதுவே குறைந்தபட்சம். ஊழியர்கள் அதிகமானால், பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், எது குறைவோ அது வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்துவிட்டது. போன மாதம் அதே கடைக்கு எண்ணெய் வாங்கப் போனேன். முக்காலி இருந்தது. அதன்மேல் பைக்கட்டை அடுக்கியிருந்தார்கள். பில் போட்ட பெண் நின்றுகொண்டிருந்தாள்.