எல்போ ஆபரேஷன் ஆன பிட்ச்சரை எத்தனாவது பிக்ல எடுக்கலாம்?

கேள்வி: பன்னெண்டு பேர் சேர்ந்து பேஸ்பால் டைனஸ்டி ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களை வச்சு ஆளுக்கொரு கற்பனை டீம், எடுத்தவங்களை வருஷக்கணக்கா வச்சுக்கலாம்) ஆடுறோம் சார். சீசன் தொடங்கும்போது டாப் 10ல பேசப்பட்ட ஒரு காலேஜ் பிட்ச்சருக்கு (பந்து வீசுறவன்) ஏப்ரல்ல டாமி ஜான் சர்ஜரி (எல்போ லிகமென்ட்ல, அதாவது எலும்புகளை இணைக்கிற நார்ல, பண்ற ஆபரேஷன்) ஆகி, அமெரிக்காவோட பெரிய லீக் எம்எல்பியில டீம்கள் வரிசையா புது ஆட்களை எடுக்குற டிராஃப்ட்ல முதல் ரவுண்டு கடைசியிலதான் போனான். எங்க லீக் டிராஃப்ட்ல என்கிட்ட 5வது பிக் இருக்கு, எடுக்கலாமா?

பதில்: 5ல வேணாம். ஆனா லிஸ்ட்லேர்ந்து தூக்கியும் போட்றாதீங்க.

அவனோட எம்ஆர்ஐ நம்ம கண்ணுக்கு வரப்போறதில்ல, ஆனா அதைப் பாத்த டீம் எவ்வளவு காசு குடுத்துச்சுங்கறது வெளிய வந்துடும், அதைத்தான் நான் முதல்ல பாப்பேன். முதல் 10 ரவுண்டுல ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு ஸ்லாட் தொகை (அந்த இடத்துக்கு எம்எல்பி குறிச்சு வச்சிருக்குற மதிப்பு) இருக்கு இல்லையா, கையெழுத்துப் போடும்போது பையனுக்குக் குடுக்குற சைனிங் போனஸ் அதுக்கு எவ்வளவு கிட்ட இருக்குன்னு பாருங்க. 2014ல ஜெஃப் ஹாஃப்மேன்ங்கற பிட்ச்சருக்கு டிராஃப்ட்டுக்கு ஒரு மாசம் முன்னாடி டாமி ஜான் ஆச்சு, அப்படியும் ப்ளூ ஜேஸ் டீம் 9வதா எடுத்து ஸ்லாட் தொகை 30.8 லட்சம் டாலரை அப்படியே குடுத்தாங்க.

அதே வருஷம் முதல் பிக் பிரேடி ஐகன்னு ஒரு பிட்ச்சர். ஆஸ்ட்ரோஸ் டீம் 65 லட்சம் டாலர்னு பேசி வச்சுட்டு, மெடிக்கல்ல எல்போ லிகமென்ட் சரியில்லன்னு தொகையைக் குறைச்சாங்க, பையன் சைன் பண்ணல. அடுத்த மார்ச்லயே எல்போ போச்சு, சர்ஜரி. 2015ல கிளீவ்லாண்ட் 17வதா எடுத்தும் பெரிய லீக் பக்கமே வரல.

ஆனா காசு குறைஞ்சாலே உடம்பு மோசம்னு முடிவு கட்டக் கூடாது. குமார் ராக்கர்னு ஒரு பிட்ச்சரை எடுத்துக்கோங்க, 2021ல மெட்ஸ் 10வதா எடுத்து 60 லட்சம் பேசி, மெடிக்கல் பாத்துட்டு கான்ட்ராக்டே குடுக்கல. அந்த செப்டம்பர்ல தோள்பட்டையில ஒரு சர்ஜரி. மறு வருஷம் ரேஞ்சர்ஸ் 3வதா எடுத்து 52 லட்சம் குடுத்தாங்க, ஸ்லாட் கிட்டத்தட்ட 76 லட்சம். ஒரு டீமோட ஸ்லாட் தொகை எல்லாம் சேர்ந்ததுதான் அதோட மொத்த பட்ஜெட், ஒருத்தர்கிட்ட மிச்சம் பிடிச்சா இன்னொருத்தருக்குக் கூடக் குடுக்கலாம். அப்படி மிச்சப்பட்டதுல 4வது ரவுண்டுல பிராக் போர்ட்டர்னு ஒரு ஹைஸ்கூல் பையனை 37 லட்சத்துக்கு வளைச்சுப் போட்டாங்க, அதனால அந்தத் தள்ளுபடியில உடம்பு பயம் எவ்வளவு, கணக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கணும். பயம் வீண் போகலங்கறதும் உண்மைதான், 2023 மே மாசம் அவருக்கும் டாமி ஜான்.

உங்க பையனுக்கு எல்போ மட்டும்தானே? அப்ப பரவால்ல. உள்பக்கம் இருக்குற அந்த லிகமென்ட்டுக்குப் பதிலா முன்னங்கையிலேர்ந்தோ தொடையிலேர்ந்தோ ஒரு டெண்டனை எடுத்து, எலும்புல துளை போட்டுக் கோத்துத் தைக்கிறாங்க, 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஆரம்பிச்ச வைத்தியம், 12லேர்ந்து 18 மாசத்துல நிறைய பேர் திரும்பி வந்துடுறாங்க. தோள்ல லேப்ரம் (மூட்டைச் சுத்தியிருக்குற குருத்தெலும்பு விளிம்பு) கிழிஞ்சிருந்தா நான் இதே பதிலை சொல்லவே மாட்டேன். திரும்பி வந்தப்புறம் பந்து வேகம் ரேடார்ல 97 மைல் காட்டுதுன்னு துள்ளாதீங்க, வேகம் சீக்கிரம் வந்துடும், கன்ட்ரோல்தான் கடைசியா வரும், அதனால வாக்ஸ் (குறி தப்பி நாலு பந்து போட்டு பேட்டருக்கு சும்மா குடுக்குற பேஸ்) எத்தனைன்னு பாருங்க.

நல்ல உதாரணம் வாக்கர் பியூலர். 2015ல டாட்ஜர்ஸ் 24வதா, ஸ்லாட்டுக்குக் கீழ எடுத்தாங்க, சைன் பண்ணின கையோட டாமி ஜான், 2017 செப்டம்பர்ல பெரிய லீக்ல முதல் ஆட்டம், 2018ல ரொட்டேஷன்ல (முறை வச்சு ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்ச்சர்கள்) முக்கியமான ஆள். ஆனா முழு ஸ்லாட் வாங்கின ஹாஃப்மேன் ஸ்டார்ட்டரா நிலைக்கவே இல்ல, பத்து வருஷம் கழிச்சு 2024ல ரிலீவரா (ஆட்டத்துக்கு நடுவுல வந்து வீசுறவர்) ஆல் ஸ்டார் ஆனாரு, ஃபேன்டஸில அவ்வளவு நாள் யாரு பெஞ்சுல வச்சுக் காப்பாத்துவா?

முழு ஸ்லாட் வாங்கியிருந்தான்னா 8, 9ல எடுங்க, நல்லாவே குறைச்சு வாங்கியிருந்தா 12வது பிக்குக்கு முன்னாடி வேணாம். எப்படியும் ரெண்டு மூணு வருஷம் ஒரு இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், இந்த வருஷமே கப் அடிக்கணும்னு ஆடுற டீம்னா விட்டுடுங்க. 9வது பிக் வச்சிருக்கவர்கிட்ட உங்க 5ஐக் குடுத்து, அவரோட 9ஐயும் அடுத்த வருஷ ரெண்டாம் ரவுண்டு பிக்கையும் கேட்டுப் பாருங்க, ஒத்துக்கலைன்னா 5ல ஒரு காலேஜ் பேட்டரை எடுத்துட்டுப் போயிடுங்க.